மூன்றரை லட்சம் ஆசிரியர்களும் ஒரு வெள்ளாடும்

ஏசுவடியான் சாரிடம் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. "இது இங்கே யாருக்கும் தெரியாது" என்று அவர் காதுபட யாராவது சொல்லிவிட்டால் போதும், "எனக்குத் தெரியும்" என்று அவர் வாய் சொல்லிவிடும். மூளைக்கு அந்தச் சேதி அப்புறம்தான் போகும். மூளை பதறியடித்து வந்து சேரும்போது வாய் நாலு தெரு தாண்டியிருக்கும். மற்றபடி நல்ல மனுஷன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும்.

சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆறாம் நாள் காலையில் அறிவியல் கட்டுகளை எடுக்கப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. சாவி முகாம் அலுவலரின் சட்டைப் பையில் இருந்தது. சட்டை அவர் மேல் இருந்தது. அவர் தென்காசியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவார் என்றார்கள். செல்போன்களை வாசலிலேயே டோக்கன் கொடுத்து வாங்கி வைத்துவிட்டதால் பொழுதுபோக்க அதுவும் இல்லை. ஒன்பதாம் நம்பர் அறையில் ஆறு அறிவியல் ஆசிரியர்கள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையின் தலைமாட்டில் சீஃப் ஆவுடையப்பன். அந்த அறைக்கு அவர்தான் தலைமைத் திருத்துநர். ஊரில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். எதையும் நிறுத்தி நிதானமாகத்தான் செய்வார். உளுந்த வடையை எட்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டு முதல் துண்டை எடுப்பதற்கே யோசிப்பார். அன்று காலையில் வந்திருந்த சுற்றறிக்கையையும் அதே நிதானத்தில் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார்.

ஆசிரியர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் பணிக்காலப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்கள் மே மாதம் பத்து நாள் ஓர் இடத்தில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும். 

"தங்குத எடம் எது சார்?" என்றார் மைதீன் பிச்சை. கடையநல்லூர்க்காரர், இயற்பியல் படித்தவர். எதைச் சொன்னாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"ஹாஸ்டல்னு போட்டிருக்கு. ஃபேன் உண்டான்னு போடல" என்றார் ஆவுடையப்பன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியைப் படித்தார். "அல்லது, ஆசிரியர்களுக்கென ஆசிரியர்களே உருவாக்கி நடத்தும் திறந்தநிலை இணையவழிப் பாடத்தில் சேர்ந்தும் முடிக்கலாம்."

"அப்படின்னா?" என்றார் சுரண்டையிலிருந்து வந்திருந்த இரண்டு பேரில் ஒருவர்.

"வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல படிக்கது. யாரு வேணும்னாலும் சேரலாம், ஃபீஸ் கெடையாது."

மைதீன் பிச்சை பெருமூச்சு விட்டார். "அதெல்லாம் மெட்ராஸ்ல நடக்கும் சார். அப்படி ஒரு பாடத்த உருவாக்கி நடத்தத் தெரிஞ்ச ஆளு நம்ம மாவட்டத்துல ஒருத்தர் கெடையாது."

"நான் நடத்திருக்கேனே" என்றது ஏசுவடியானின் வாய்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மேசையின் கடைக்கோடியில் இருந்த குழல்வாய்மொழி டீச்சர்கூட நிமிர்ந்து பார்த்தார். ஐந்து நாளாக "ஆமா", "இல்ல" தவிர வேறு வார்த்தை பேசாதவர் அவர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை. கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு தோலைக் கிழியாமல் ஒரே நீளமாக உரித்துக்கொண்டிருந்தார்.

உண்மை இவ்வளவுதான். ஊரடங்கு நாளில் ஏசுவடியான், ஆசிரியர்களுக்காக ஓர் இணையவழிப் பாடம் தொடங்கினார். 'வகுப்பறையில் எளிய அறிவியல்' என்று பேர் வைத்து, வரவேற்புக் கடிதம் ஒன்று எழுதி, செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்து நாலு நிமிஷம் பேசிப் படம் பிடித்தார். தலைக்கு மேல் ஓடிய ஃபேன் சத்தம் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அவரேதான். இன்னொருவரும் அவர்தான், வேறு மின்னஞ்சலில். மூன்றாமவர் அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சினன். எங்கேயோ அமுக்கப் போய் இங்கே வந்து சேர்ந்தவன்.

"எத்தன பேரு சேந்தாவ?" என்று கேட்டார் மைதீன் பிச்சை.

ஏசுவடியான் அந்த நேரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். "மூணு" என்று ஆரம்பித்தும்விட்டார். ஐந்து ஜோடிக் கண்கள் மேலே இருக்கும்போது அந்த வார்த்தை தனியாக நிற்கப் பயந்தது.

"மூணு லட்சம்" என்று முடித்தார்.

"தமிழ்நாடு பூரா எண்ணுனாலும் அத்தன வாத்தியாரு தேறுவாவளா?"

"தமிழ்நாட்டோட முடிஞ்சா அது என்ன திறந்த பாடம்? கதவே கெடையாதுல்லா சார் அதுக்கு. காலையில பத்து மணிக்குச் சேர்க்கைப் படிவத்தத் திறந்துவிட்டேன். காப்பிய ஆத்திக் குடிக்கதுக்குள்ள நாப்பதாயிரம். டம்ளரக் கழுவி வைக்கதுக்குள்ள யாழ்ப்பாணம், பினாங்கு எல்லாம் உள்ள வந்தாச்சு. மத்தியானம் ஒரு நாட்டுல பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுட்டாவ, வாத்தியாருங்க பூராப் பேரும் நம்ம கிட்ட இருக்காவன்னு."

"எந்த நாடு?"

"பேரு சட்டுனு வரல. வரைபடத்துல மேல வெள்ளையா கெடக்கும்."

சுரண்டைக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் வேறு வேலையும் இல்லை. அப்படி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டுவிட்டால் ஏசுவடியானுக்குப் பிறகு தரையில் கால் பாவாது.

"ஆள் சேக்கது பெரிசில்ல. சேந்த ஆளப் பேச வைக்கணும். அதான் இதுல வித்த" என்று விரலை நிமிர்த்தினார். "மொத நாளு என்ன செய்தேன், கலந்துரையாடல் பக்கத்துல 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்'னு ஒரு வரி போட்டேன். மூணு லட்சம் பேரும் வணக்கம் போட்டுட்டாவ. ஒருத்தருக்குப் பதில் சொல்லி இன்னொருத்தர விட்டா மனசு கஷ்டப்படும்லா. அவ்வளவு பேருக்கும் நானே தனித்தனியா பதில் வணக்கம் போட்டேன்."

மைதீன் பிச்சை மனக்கணக்குப் போட்டார். "ஒரு வணக்கத்துக்கு அஞ்சு செகண்டுன்னு வையுங்க. சாப்பிடாம தூங்காம அடிச்சாலும் பதினேழு நாளு ஆகும்."

"ஒரு கீபோர்டுல அடிச்சா நீங்க சொல்லுத கணக்கு சரி. நான் கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு ரெண்டுல்லா வச்சிருந்தேன். வேகம்னா அப்படி வேகம். கீபோர்டு சூட்டுல எங்க வீட்ல ஒரு வாரம் அடுப்பே பத்தவைக்கல. அது மேலதான் அப்பளம் சுட்டது. 'வ'னா, 'ண'னா ரெண்டு எழுத்தும் தேஞ்சு பள்ளமாயி, அதுல தண்ணி ஊத்தி வச்சா குருவி வந்து குடிக்கும்."

"சரி" என்றார் மைதீன் பிச்சை.

"அதோட போச்சா? வேகம் கூடக் கூட, கேள்வி வாரதுக்கு முந்தியே என் பதிலு போயிச் சேர ஆரம்பிச்சிட்டு. திருவாரூர்ல ஒரு டீச்சர் எழுதியிருந்தாவ, 'ஐயா, கேக்கலாம்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், நன்றி'ன்னு."

ஆவுடையப்பன் வடையின் இரண்டாம் துண்டை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். ஏசுவடியானுக்கு உள்ளே மூளை வந்து சேர்ந்து, போதும் போதும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தது. அவர் அதை உதறிவிட்டுப் போனார்.

"அடுத்தது வீடியோ. இதுல ஒரு விதி உண்டு சார், எழுதி வச்சுக்கிடுங்க. வீடியோ ஆறு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. போச்சுன்னா பாக்கவுங்க கொட்டாவி விடுவாவ. நான் ஆறுக்கு எடுத்தேன். நல்லாருந்துச்சு. மூணாக் கொறச்சேன், இன்னும் நல்லாருந்துச்சு. கொறைக்கக் கொறைக்கப் பாடம் சுண்டின பாலு மாதிரி ஆவுது. கடைசியா ஓம் விதிய அரை செகண்டுல நடத்தி முடிச்சேன்."

"அரை செகண்டுல என்ன பேச முடியும்?"

"பேசவே இல்லையே. இடது புருவத்தத் தூக்குனேன், அவ்வளவுதான். மின்னழுத்தம் கூடுனா மின்னோட்டம் கூடும்னு பாத்தவங்களுக்கெல்லாம் பளிச்சுனு வெளங்கிட்டு. ஈரோட்டுல ஒரு வாத்தியாரு அத ரெண்டு தடவ பாத்துட்டாரு. தூக்குன புருவம் எறங்கல. அப்படியேதான் வகுப்புக்குப் போறாரு. புத்தகத்தத் தொடதில்ல. பிள்ளைங்க புருவத்தப் பாத்தே நூத்துக்கு நூறு."

"மின்தடைக்கு என்ன செய்வாரு?" என்றார் மைதீன் பிச்சை.

"மூக்க விடைப்பாரு."

சுரண்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஆரஞ்சுத் தோல் பாதிக்கு வந்திருந்தது. குழல்வாய்மொழி சிரிக்கவில்லை, பழத்தை மட்டும் ஒரு சுற்றுத் திருப்பினார்.

"பாடம்னா வீட்டுவேலை வேணும்லா" என்று தொடர்ந்தார் ஏசுவடியான். "மூணு லட்சம் பாடத்திட்டத்த நான் ஒருத்தன் திருத்த முடியுமா. அதுக்கும் ஒரு வழி இருக்கு. ஒருத்தர் எழுதினத இன்னும் மூணு பேரு பாத்துத் திருத்தணும். தருமபுரில ஒரு வாத்தியாரு, ஒளிச்சேர்க்கை நடத்த ஒரு பக்கத்துக்குப் பாடத்திட்டம் எழுதிப் போட்டாரு. மூணு பேரு திருத்தினாவ. நல்லாருக்கேன்னு இன்னும் மூணு பேரு. அப்படியே கைமாறிக் கைமாறி உலகத்த ஒரு சுத்துச் சுத்திட்டுத் திரும்பி வந்துச்சு. வந்தப்போ அதுல குத்தங்கொறை சொல்ல ஒரு புள்ளி கெடையாது. மறுநாளு வாத்தியாருக்குக் காச்சல், சிஎல் போட்டுட்டாரு. பாடத்திட்டம் தானா பஸ் ஏறி வந்து வகுப்ப நடத்திட்டுப் போயிட்டு."

ஆவுடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. தலைமையாசிரியர் அல்லவா. "வருகைப் பதிவேட்டுல யாரு கையெழுத்துப் போட்டா?"

"அதுதான். அழகான கையெழுத்து. அந்த ஹெச்.எம். அசந்துபோயி, வாத்தியாரத் திருப்பி அனுப்பிட்டுப் பாடத்திட்டத்த வச்சுக்கிட்டாரு. போன வருஷம் அதுக்குப் பதவி உயர்வு வந்துட்டு. இப்ப அது ஹெச்.எம்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"விசாரணை நடக்குது சார். பேரு சொல்லக்கூடாது."

மைதீன் பிச்சை முன்னால் சாய்ந்தார். இத்தனை நேரம் அவர் காத்திருந்த இடம் இது. "சரி, இந்த மாதிரிப் பாடத்துல எல்லாம் சேருத கூட்டத்துல முக்காவாசி பாதியில ஓடிருவாவன்னு நானே படிச்சிருக்கேன். ஒங்க மூணு லட்சத்துல எத்தன பேரு கடைசி வரைக்கும் இருந்தாவ?"

"மூணரை லட்சம்."



"சேந்ததே மூணு லட்சம்" என்றார் மைதீன் பிச்சை, ஒவ்வொரு சொல்லாக.

"சேந்தது மூணு. முடிச்சது மூணரை. பாடம் ஓடும்போது வீட்ல பக்கத்துல இருக்கவுங்க காதுலயும் விழும்லா சார். சமையக்கட்டுல இருந்தவுங்க, பேப்பர் போட வந்தவரு, கேபிள் பாக்க வந்தவரு, இப்படி அம்பதாயிரம் பேரு, பேரு கொடுக்காமலே படிச்சு முடிச்சுட்டாவ. புளியங்குடில ஒரு டீச்சர் வீட்டு வெள்ளாடு, சன்னல் வழியா எட்டிப் பாத்தே நாலு அலகு முடிச்சிட்டு."

"ஆடு."

"வெள்ளாடு. அதுக்கு மதிப்பீட்டு அலகுல ரொம்ப ஈடுபாடு. பரீட்ச பேப்பரக் கட்டா முன்னால போட்டா, தப்பான விடைய மட்டும் மேஞ்சிரும். சரியான விடை அப்படியே இருக்கும். மிச்சமிருக்கத எண்ணி மார்க் போட வேண்டியதுதான். அது மட்டும் இப்ப நம்ம ரூமுல இருந்துச்சுன்னா நமக்கு ரெண்டு நாளு வேலை மிச்சம்."

"அரை மார்க்குக்கு?" என்று ஒரு சுரண்டைக்காரர் கேட்டார்.

"நக்கி மட்டும் விடும்."

இதற்குமேல் எங்கே போவது என்று ஏசுவடியானுக்கே தெரியவில்லை. ஆனால் நிறுத்தினால் மைதீன் பிச்சை வாயைத் திறந்துவிடுவார் என்ற பயத்தில் மேலே ஏறினார்.

"கடைசி நாளு நேரலை வச்சேன். எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வந்தாவ. வந்ததும் மூணரை லட்சம் பேரும் ஒரே மூச்சுல 'சார், கேக்குதா'ன்னு கேட்டாவ பாருங்க. அந்தச் சத்தம் மடிக்கணினி வழியா வந்து மோதுனதுல எங்க வீடு கீழத்தெருவுல இருந்து கிளம்பி மேலத்தெருவுல போயி நின்னுட்டு."

"நீங்கதான் வீடு மாறுனிய. பால் காய்ச்சுறதுக்கு நானே வந்திருந்தேன்" என்றார் மைதீன் பிச்சை.

"நான் மாறல சார். வீடு மாறுச்சு. போன எடத்துல பால் காய்ச்சாம இருக்க முடியுமா." ஏசுவடியான் மூச்சு வாங்கிக்கொண்டார். "இது சரிப்படாதுன்னு, 'எல்லாரும் மியூட் போடுங்க'ன்னு அமைதியா ஒரு சொல்லு சொன்னேன். அந்தானைக்கு மாவட்டம் பூரா அடங்கிட்டு. பஸ் ஹாரன் வரல. குக்கர் விசில் அடிக்கல, ஆவி மட்டும் போவுது. எங்க ஹெச்.எம். யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டிருந்திருக்காரு, வாய் அசையுது, சத்தத்தக் காணோம். கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஊரு பழையபடி ஆச்சு."

சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சட்டை நனைந்திருந்தது. மைதீன் பிச்சை தொண்டையைக் கனைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"இங்ஙன இன்னும் போட்டிருக்கு" என்று நிதானமாக வாசித்தார். திறந்தநிலை இணையவழிப் பாடம் ஒன்றை உருவாக்கி மே மாதம் நடத்தித் தர, முன் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை இன்று மாலை மூன்று மணிக்குள் முகாமிலிருந்து பரிந்துரைக்கலாம். அவர் முன்பு நடத்திய பாடத்தில் பங்கேற்ற ஆசிரியர்கள் இருவர் சான்றுக் கையெழுத்திட வேண்டும். அப்படி யாரும் கிடைக்காத மாவட்டத்துக்கு ஹாஸ்டல்தான்.

 ஏசுவடியான் தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். பங்கேற்ற இருவர் என்றால் அவரும் அவரும்தான். மச்சினன் ஆசிரியர் இல்லை. சாட்சிக்கு உலகத்தில் ஆளே கிடையாது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "அந்தப் பாடத்துல இருந்தவுங்க இந்த ரூமுல யாரு இருக்காவ. இருந்திருந்தா எனக்கும் சந்தோஷம்தான்" என்றார்.

"நான் இருந்தேன்" என்றார் குழல்வாய்மொழி.

ஆரஞ்சுத் தோல் முழுசாக ஒரே நீளத்தில் மேசைமேல் விழுந்தது. ஏசுவடியான் அவரைப் பார்த்தார். அந்தப் பாடத்தில் இருந்த மூன்று பேரையும் அவருக்கு முகம் தெரியும். இந்த முகம் அதில் இல்லை.

"நீங்களா டீச்சர்?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"ஆமா சார். மொத நாளே சேந்துட்டேன். ஒங்க பதில் வணக்கம்கூட வந்துச்சு, சூடா இருந்துச்சு."

"அஞ்சு நாளா இங்ஙனதான் இருக்கிய, ஒரு வார்த்த சொல்லலையே" என்றார் ஆவுடையப்பன்.

"எப்படிச் சொல்ல? சார் மியூட் போடச் சொன்னாவ, போட்டேன். எடுத்துவிடுங்கன்னு சொல்லவே இல்ல. இன்னைக்கு அவுகளே அந்தப் பேச்ச எடுத்ததுனாலதான் வாய் தொறந்துச்சு."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. இருபத்திரண்டு வருஷம் புளுகிப் பழகிய ஏசுவடியானுக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. இந்தப் பெண்மணிக்கு முன்னால் தான் ஒரு சின்னப் பையன் என்று தோன்றியது.

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்தார். "ஒரு சாட்சி ஆச்சு. இன்னும் ஒண்ணு வேணும்."

மைதீன் பிச்சை கூரையைப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் கூரை எப்படி இருக்கும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நேர்மையான மனுஷன், அந்த முடிவை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் முழுசாகப் பிடித்தது.

"நானும் இருந்தேன்" என்றார். "ஆட்டுக்கு அடுத்த ரோல் நம்பர்."

"சார், நீங்க இம்புட்டு நேரம் ஒண்ணையும் நம்பலையே" என்றார் ஏசுவடியான்.

"சரிபாத்தேன். நீங்க நடத்துன பாடத்துல படிச்சதுதான் அது."

"அந்தப் பாடத்த மூடியாச்சுல்லா சார். பழைய கத."

"கதவே கெடையாதுன்னிய. எப்படி மூடுனிய?" என்றார் குழல்வாய்மொழி.

இப்போதும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. மூன்று பேர்தான், அதில் இரண்டு பேர் நான்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஏசுவடியான் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமாகக் கேட்காமலே ஓடிய வாய், அன்று பார்த்து எழவில்லை. ஆவுடையப்பன் அவர் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழகாக எழுதி முடித்து, அடியில் கோடு போட்டார்.

மே மாதம் முதல் தேதி பாடம் தொடங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பரிந்துரைக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கையோடு மைதீன் பிச்சைதான் முதல் ஆளாகச் சேர்ந்தார்.

அதற்கு முந்திய பதினைந்து நாளில் ஏசுவடியான் மூன்று கிலோ இளைத்திருந்தார். ஆறு நிமிஷ வீடியோ ஒன்று எடுக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. முதல் தடவை குக்கர் விசில் அடித்தது, ஆவியோடு சேர்த்துச் சத்தமும் வந்தது. இரண்டாம் தடவை பழைய பேப்பர்க்காரர் தெருவில் வந்தார். மூன்றாம் தடவை எல்லாம் நன்றாக முடிந்தபின்தான் பதிவுப் பொத்தானை அமுக்கவே இல்லை என்று தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வணக்கத்துக்கும் அவரே பதில் போட்டார். இரண்டு நாள் ஆயிற்று, ஆள்காட்டி விரல் வீங்கி, வீட்டில் சோறு பிசைந்து கொடுத்தார்கள்.

முதல் நேரலையில் அறுபது பேர் வந்து, அறுபது பேரும் "சார், கேக்குதா" என்றார்கள். மியூட் போடுங்க என்று பதினான்கு தடவை சொல்லிப் பார்த்தார். ஒருவரும் போடவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் கடைசி வரைக்கும் அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அன்று முடிந்து எழுந்தபோது, விட்டால் நாளைக்கும் நடத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. ஐம்பது மணி நேரம் இந்த ஆண்டு கட்டாயம் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். மைதீன் பிச்சை அன்றைக்கே குடும்பத்தோடு மூணாறுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் இருபத்தேழு. அப்புறம் பத்தொன்பது.

நிறுத்திவிடலாமா என்று ஏசுவடியான் யோசித்தார். நிறுத்தினால் கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில்தான் குழல்வாய்மொழி கலந்துரையாடல் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டார். எங்கள் பிள்ளைகள் மின்சுற்றை நோட்டில் சரியாக வரைகிறார்கள், கையில் வயரைக் கொடுத்தால் ஒரு பல்பும் எரிவதில்லை, ஏன்? பத்தொன்பது பேரும் நாலு நாள் அதை அடித்துப் புரட்டினார்கள். கடையத்திலிருந்து ஒருவர் வயருக்குப் பதில் மிட்டாய் சுற்றும் ஜிகினாத் தாளை வெட்டி ஒட்டி, அட்டையில் பல்பை எரிய வைத்துப் படம் அனுப்பினார். அதைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். ஏசுவடியானும் வீட்டில் உட்கார்ந்து செய்தார். இரண்டு தடவை எரியவில்லை. மூன்றாம் தடவை எரிந்தபோது, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

கட்டாயம் இல்லாமல் போன பிறகும் ஏன் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் குழல்வாய்மொழிக்கு போன் செய்தார்.

"அந்தப் புருவ வீடியோ எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றார் அவர்.

ஏசுவடியான் போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தார். பிறகு செல்போனைச் செம்பில் சாய்த்து, இடது புருவத்தை அரை விநாடி தூக்கிப் படம் எடுத்துப் பத்தொன்பது பேருக்கும் அனுப்பினார். நாலு பேர் புரிந்துவிட்டது என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், மின்தடைக்கு மூக்கைக் காணோமே என்று கேட்டார். பத்தொன்பது பேரும் மே முப்பதாம் தேதி பாடத்தை முடித்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி விடைத்தாள் முகாம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேசையில் மைதீன் பிச்சை இருந்தார், ஆவுடையப்பன் இருந்தார், குழல்வாய்மொழி தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு டீச்சர் ஏசுவடியானிடம் மரியாதையாகக் கேட்டார்.

"சார், நீங்க ஆன்லைன்ல பெரிய கோர்ஸ் எல்லாம் நடத்துனியளாமே. எத்தன பேரு முடிச்சாவ?"

வாய் கிளம்பத்தான் பார்த்தது. ஏசுவடியான் அதைப் பிடித்து நிறுத்தினார். மோர் மிளகாயைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"பத்தொம்பது பேரு."

மைதீன் பிச்சை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மே மாசத்துல" என்றார். "கட்டாயம் இல்லன்னு சொன்னதுக்கப்புறம். வாத்தியாருங்க. பத்தொம்பது பேரு கடைசி வரைக்கும் உக்காந்து முடிச்சாவ." தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் சோற்றில் கை வைத்தார். "புளுகுததுக்கும் ஒரு அளவு வேணும் சார்."